காடு வாங்கிக்கொள்ளும் பாதரசம்

பெரு நாட்டின் தென்கிழக்கில், அமேசான் காட்டின் மேற்கு விளிம்பில், மாத்ரே தே தியோஸ் என்ற மாநிலம் இருக்கிறது. ஆண்டீஸ் மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலிலும் வண்டலிலும் அங்கே தங்கம் நுண்துகளாகக் கலந்து கிடக்கிறது. அதை எடுப்பவர்கள் பெரும்பாலும் பம்பும் குழாயும் வைத்துக்கொண்டு கரையை அறுத்து மணலை உறிஞ்சும் சிறு குழுக்கள். அலசிச் சேர்த்த கரிய மணலில் பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால், கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் பாதரசத்தில் ஒட்டி ஒரு கட்டியாகத் திரளும். அதைத் துணியில் வைத்துப் பிழிந்து, மிஞ்சியதை நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும். தங்கம் மட்டும் நிற்கும். எடுத்தவர் அதை ஊரில் உள்ள தங்கக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே மீண்டும் ஒருமுறை உருக்குவார்கள். மிச்சம் ஒட்டியிருந்த பாதரசமும் கடையின் புகைபோக்கி வழியே வெளியேறும். பெருவின் தங்கத்தை வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதால், இதை முற்றிலும் அயலார் விவகாரமாக என்னால் வாசிக்க முடியவில்லை.

அப்படி ஆவியாகிப் போகும் பாதரசம் எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்குலின் கெர்சனும் எமிலி பெர்ன்ஹார்ட்டும் பெருவின் ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்த மாநிலத்திலேயே விடை தேடினார்கள். சுரங்க ஊர்களான போகா கொலராடோ, லாபெரிந்தோ ஆகியவற்றின் அருகிலும், சுரங்கமே இல்லாத தொலைவான இடங்களிலும், மரம் வெட்டப்பட்ட வெட்டவெளியிலும் மரங்களின் அடியிலும் கலங்களை வைத்து மழைநீரைப் பிடித்தார்கள். இலைகளையும் உதிர்ந்த சருகையும் மண்ணையும் சேகரித்தார்கள். 2022-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான அந்த முடிவை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும், மரமற்ற வெட்டவெளியில் விழுந்த மழையில் பாதரசம் அப்படியொன்றும் மிகுதியாக இல்லை. மிகுதியாக இருந்தது லாஸ் அமிகோஸ் என்ற பாதுகாக்கப்பட்ட காட்டில், கோடரி படாத பழைய மரங்களின் அடியில் சொட்டிய நீரில்தான். உலகில் அதுவரை அளக்கப்பட்ட காடுகளிலேயே மிக உயர்ந்த பாதரச வரவுகளில் ஒன்று அங்கே பதிவானது. நிலக்கரியும் உலோக ஆலைகளும் நிறைந்த சீனத் தொழில் மண்டலங்களோடு ஒப்பிடத்தக்க அளவு அது. அங்கே ஆலைப் புகைபோக்கி ஒன்றுகூட இல்லை.

காடு காற்றைத் தூய்மையாக்குகிறது என்று பள்ளியில் படித்தோம்; பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். பாதரசத்தைப் பொறுத்தவரை அந்த வாக்கியம் பாதி உண்மைதான். பாதரசம் ஒரு தனிமம். அதை எரித்தோ உடைத்தோ செரித்தோ இல்லாமலாக்க எந்த மரத்தாலும் முடியாது. காற்றில் இருந்ததைக் காடு தன் மேல் வாங்கிக்கொள்கிறது. பிறகு அது காட்டுக்குள்ளேயே எங்காவது இருந்தாக வேண்டும். அந்த இருப்பிடங்கள் எவை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அது எப்படி நகர்கிறது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

காற்றில் பாதரசம் பெரும்பாலும் தனி அணுவாக, ஆவி வடிவில் இருக்கிறது. இந்த வடிவம் நீரில் எளிதில் கரைவதில்லை. அதனால் மழை அதை அடித்துக்கொண்டு வருவதும் இல்லை. பல மாதங்கள், ஓராண்டு வரைகூட, அது காற்றிலேயே உலாவுகிறது. எங்கோ எரித்த நிலக்கரியின் பாதரசம் ஆலையே காணாத துருவப் பகுதிக்கும் போய்ச் சேருவது இதனால்தான். வட அரைக்கோளத்தின் தூய காற்றில்கூட ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 நானோகிராம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2015-இல் மனிதச் செயல்களால் காற்றில் கலந்தது சுமார் 2,220 டன். அதில் 38 விழுக்காடு சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது, நிலக்கரி எரிப்பு 21 விழுக்காடு. காற்றில் நடக்கும் வேதிவினைகளால் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து நீரில் கரையும் வடிவமாகிறது; இன்னொரு பகுதி தூசியிலும் புகைத் துகளிலும் ஒட்டிக்கொள்கிறது. இவை இரண்டும் அதிக தூரம் போவதில்லை. மழையோடு இறங்கிவிடும், அல்லது எதிர்ப்படும் பரப்பின் மேல் படியும்.

எதிர்ப்படும் பரப்பு என்றால், அடர்ந்த காட்டைவிடப் பெரிய பரப்பு நிலத்தில் எது? மழைக்காட்டில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே பல சதுர மீட்டர் இலை அடுக்கடுக்காக விரிந்திருக்கிறது. வறண்ட நாட்களில் துகள்கள் அந்த இலைகளின் மேல் படிகின்றன. மழை வந்ததும் கழுவப்பட்டுக் கீழே சொட்டுகின்றன. கொடைக்கானல் பக்கத்துச் சோலைகளில் மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்குத் தெரியும்: வெளியே மழை விட்டு, வானம் வெளுத்த பிறகும், உள்ளே வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு உச்சி இலையிலிருந்து புறப்பட்டு, கீழடுக்கு இலைகளில் பட்டுத் தெறித்து, கிளையில் படர்ந்த பாசியில் ஊறி, அங்கிருந்து அடிமரம் வழியாக வழிந்து தரைக்கு வருகிறது. வழியில் தொட்டதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. வெட்டவெளியில் விழும் மழைநீரும் மரத்தடியில் விழும் மழைநீரும் வேதியியல் கணக்கில் ஒன்றல்ல. லாஸ் அமிகோஸ் ஆய்வு அளந்தது இந்த வேறுபாட்டைத்தான்.

இரண்டாவது வழி இலைக்குள்ளேயே போகிறது. பகலில் கரியமில வாயுவை வாங்குவதற்காக இலைத்துளைகள் திறந்திருக்கும்போது, காற்றில் உள்ள பாதரச ஆவியும் உள்ளே நுழைந்துவிடுகிறது. உள்ளே அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, கந்தகம் கொண்ட சேர்மங்களோடு பிணைகிறது. சிறு பங்கு மீண்டும் வெளியேறினாலும் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே, தளிரில் குறைவாகவும், முற்றிய இலையில் கூடுதலாகவும், உதிரப்போகும் இலையில் மிக அதிகமாகவும் பாதரசம் இருக்கும். பல ஆண்டுகள் மரத்தில் நிற்கும் ஊசியிலைகளில் ஆண்டுக்காண்டு அது ஏறிக்கொண்டே போகிறது. வேர் வழியாக மண்ணிலிருந்து மேலேறும் பாதரசம் மிகக் குறைவு; இலையில் இருப்பது ஏறத்தாழ முழுவதும் காற்றிலிருந்து வந்தது. இலையிலிருந்து ஒரு சிறு பகுதி பட்டையின் உட்பகுதி வழியாக இறங்கி மரக்கட்டையிலும் பதிகிறது. பெருவின் காட்டு அத்தி மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், சுரங்க ஊர்களுக்கு அருகில் இருந்த மரங்களில், குறிப்பாக 2000-க்குப் பிந்தைய வளையங்களில், பாதரசம் உயர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

இலை உதிர்கிறது, அதோடு பாதரசமும் தரைக்கு வருகிறது. உலகக் காடுகளில் ஆண்டுதோறும் உதிரும் சருகு வழியாக மட்டும் 1,000 டன்னுக்கு மேற்பட்ட பாதரசம் மண்ணைச் சேர்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மழையை மட்டும் பிடித்து அளந்துகொண்டிருந்த காலத்தில் இந்தப் பெரும் வரவு கணக்கில் சரிவர ஏறாமலே இருந்தது. பாதரசத்தின் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளின்) விகிதங்களை நுட்பமாக அளக்கும் கருவிகள் வந்த பிறகுதான், காட்டு மண்ணில் கிடக்கும் பாதரசத்தின் பெரும்பகுதி மழையோடு வந்ததல்ல, இலை உறிஞ்சிய ஆவியிலிருந்து வந்தது என்பது உறுதிப்பட்டது. மண்ணில் மட்கிய பொருளில் உள்ள கந்தகம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பத்தாண்டுக் கணக்கில், நூற்றாண்டுக் கணக்கில்கூட, அது அங்கே கிடக்கும்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் சோதனை கனடாவில் நடந்தது. ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், சோதனை ஏரிகள் பகுதி என்றே பெயர் பெற்ற இடத்தில், 658 என்று எண்ணிட்ட ஏரி ஒன்று இருக்கிறது. 2001 முதல் 2007 வரை, ஆய்வாளர்கள் மூன்று வெவ்வேறு பாதரச ஐசோடோப்புகளை மிகச் சிறு அளவில் அங்கே சேர்த்தார்கள்: 202 எண் கொண்டது ஏரி நீரில், 198 சதுப்பில், 200 சுற்றியுள்ள மேட்டுக்காட்டில். காட்டின் மேல் விமானத்திலிருந்து தெளித்தார்கள். மூன்றும் வேதியியலில் ஒன்றே, எடையில் மட்டும் வேறு. ஆகவே ஒரு மீனின் தசையில் பாதரசம் இருந்தால் அது எந்த வாசல் வழியாக வந்தது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட முடியும். ஏரியில் நேரே சேர்த்தது விரைவாகவே மீன்களில் ஏறியது. சேர்ப்பதை நிறுத்தியதும் குறையத் தொடங்கி, எட்டு ஆண்டுகளில் பெரிய மீன்களில் 38 முதல் 76 விழுக்காடு வரை இறங்கிவிட்டது. காட்டின் மேல் தெளித்ததோ மீனுக்கு வந்து சேரவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. பெரும்பகுதி செடிகொடிகளிலும் மண்ணிலுமே தங்கிவிட்டது.

இதை நல்ல செய்தியாகவும் எடுத்துக்கொள்ளலாம். உமிழ்வை நிறுத்தினால் ஏரிகள் நம் காலத்திலேயே தேறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் காட்டு மண்ணின் கணக்கு அவ்வளவு விரைவில் தீராது. அங்கே இருப்பது போய்விட்ட பாதரசம் அல்ல, இன்னும் புறப்படாத பாதரசம். அந்த மண் குலையாமல் இருக்கும்வரை அது பெரும்பாலும் அங்கேயே இருக்கும் என்பதுதான் அந்தச் சோதனையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

மண்ணில் தங்குவது என்றால் முடங்கிக் கிடப்பது என்று பொருள் கொள்ள முடியாது. ஈரம் மிகுந்து ஆக்சிஜன் குன்றிய இடங்களில், நனைந்த சருகின் அடியிலும் சேற்றிலும், சில நுண்ணுயிர்கள் பாதரசத்தோடு ஒரு மெத்தில் தொகுதியை இணைத்து மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. 1950-களில் ஜப்பானின் மினமாதா விரிகுடா மக்களை முடக்கியது இந்த வடிவம்தான். எந்த நுண்ணுயிர்கள் இதைச் செய்கின்றன என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு மரபணுக்களை 2013-இல்தான் கண்டுபிடித்தார்கள். மெத்தில் பாதரசம் உடலுக்குள் எளிதாக நுழையும், எளிதாக வெளியேறாது. உண்ணப்பட்டதிலிருந்து உண்டதற்குப் போகும்போது செறிவு ஏறிக்கொண்டே போகும்.

மீனைப் பற்றி மட்டும் பேசிப் பழகிவிட்டதால், தண்ணீருக்கே போகாமல் காட்டுக்குள்ளேயே இந்தச் சங்கிலி முழுமை பெறுவதை நாம் கவனிப்பதில்லை. சருகைத் தின்னும் பூச்சி, அந்தப் பூச்சியைப் பிடிக்கும் சிலந்தி, சிலந்தியைக் கொத்தும் சிறு பறவை என்று அது போகிறது. சிலந்தி தானே ஒரு வேட்டையாடி; ஆகவே சிலந்தியை உண்ணும் பறவை, இலைப்புழுவை உண்ணும் பறவையைவிட ஒரு படி மேலே அமர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பழைய ஆலைக் கழிவால் கெட்ட ஓர் ஆற்றங்கரையில், மீனே உண்ணாத பாடும் பறவைகளில் உயர்ந்த பாதரசம் இருந்ததையும், அதைக் கொண்டுவந்ததில் சிலந்திகளுக்குப் பெரும்பங்கு இருந்ததையும் 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. லாஸ் அமிகோஸ் காட்டிலும் மூன்று பறவை இனங்களை ஆராய்ந்தார்கள். சுரங்கங்களிலிருந்து விலகிய மானு தேசியப் பூங்காவின் கோச்சா கஷூ நிலையத்தில் வாழும் அதே வகைப் பறவைகளோடு ஒப்பிடும்போது, இங்கே 2 முதல் 12 மடங்கு வரை பாதரசம் கூடுதலாக இருந்தது. சட்டத்தின் பாதுகாப்பும் காவலரும் உள்ள காட்டில், மனிதக் கை படாத மரத்தில் கூடு கட்டும் பறவைக்கு இது நேர்கிறது. வேலியும் காவலும் காற்றைத் தடுக்காது என்பது தெரிந்ததுதான் என்றாலும், அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை.

சுரங்கக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களில் நீர் தேங்கி உண்டான குட்டைகள் இன்னொரு வினை. சுரங்கம் மிகுந்த ஆற்றோரங்களில் 1985-க்கும் 2018-க்கும் இடையே தேங்குநீர்ப் பரப்பு 670 விழுக்காடு கூடியது என்று கெர்சன் குழுவின் முந்தைய ஆய்வு காட்டியிருந்தது. ஓடும் ஆற்றைவிடத் தேங்கிய குட்டையில் மெத்தில் பாதரசம் உருவாவது எளிது.

இவ்வளவையும் படித்துவிட்டு, மரம்தான் பாதரசத்தை இழுக்கிறது, மரமில்லாவிட்டால் மண் பிழைத்திருக்குமே என்று யாராவது கேட்கக்கூடும். என் கருத்து அதற்கு நேர் எதிரானது. மரம் வாங்காத பாதரசம் மறைந்துவிடுவதில்லை. காற்றில் இன்னும் தொலைவு போய்க் கடலிலோ ஏரியிலோ இறங்கி, மீன் வழியாக மனிதத் தட்டுக்கு வருகிறது. காட்டை வெட்டினால் வெயில் நேரே மண்ணில் விழுந்து, தங்கியிருந்த பாதரசம் ஆவியாகத் திரும்பும். மழை மேல்மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கும். எரித்தால் இலையிலும் சருகிலும் பல காலம் சேர்ந்தது சில மணி நேரத்தில் மீண்டும் காற்றுக்குப் போய்விடும். காடழிப்பால் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 டன் பாதரசம் காற்றில் கூடுகிறது, இது மனித உமிழ்வில் பத்தில் ஒரு பங்குக்குச் சமம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் கணக்கிட்டார்கள். மாத்ரே தே தியோஸில் இரண்டும் ஒரே கையால் நடக்கின்றன: தங்கத்துக்காக மரத்தை வீழ்த்துகிறார்கள், அதே தங்கத்துக்காகப் பாதரசத்தை எரிக்கிறார்கள். நிற்கும் காடு அந்தப் பாதரசத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் விலையைப் பறவைகள் கொடுக்கின்றன.

நான் வத்தலக்குண்டுப் பக்கம், கொடைக்கானல் மலையைப் பார்த்தே வளர்ந்தவன். ஆகவே பெருவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் பாம்பார் சோலை நினைவுக்கு வந்துவிடுகிறது. நினைவுக்கு வருவதற்கு நியாயமான காரணமும் உண்டு. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 1980-களில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்ததை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டுவந்த பிறகு ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆலை இருந்த மேட்டுக்குக் கீழேதான் பாம்பார் சோலை. அதன் நீர் கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது.

கண்ணாடிக் குவியலைப் படம் எடுக்க முடிந்தது. ஆவியைப் படம் எடுக்க முடியாது. அதைக் காட்டிக்கொடுத்தவை பாசியும் லைக்கனும். செட்டிநாட்டுச் சமையலில் தாளிக்கும் கல்பாசியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் சாம்பல் வெளுப்பு, மறுபக்கம் கருமை, ஓரங்கள் சுருண்ட உலர்ந்த இதழ்கள். அதுவும் ஒரு லைக்கன்தான், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர். மண்ணில் இறங்கும் வேர் அதற்கு இல்லை. உணவும் நீரும் தாதுவும் பெரும்பாலும் காற்றிலிருந்தும் பனியிலிருந்தும் மழையிலிருந்துமே வரவேண்டும். மெல்ல வளர்வது, இலைபோல் ஆண்டுதோறும் உதிராதது. ஆகவே காற்றில் இருந்தது அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய மரங்களிலிருந்து பாசியையும் லைக்கனையும் எடுத்து அளந்தபோது, அவற்றில் பாதரசம் உயர்ந்திருந்ததைக் கண்டு, ஆலையின் உமிழ்வு காற்று வழியாகவும் பரவியிருக்கிறது என்று எழுதினார்கள். லைக்கன் வழியாகப் பாதரசம் எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கடல் மூடுபனி கொண்டுவரும் மெத்தில் பாதரசத்தை லைக்கன் வாங்குகிறது, லைக்கனை மான் மேய்கிறது, மானைப் பூமா அடிக்கிறது. மூடுபனி படரும் பகுதியின் பூமாக்களின் உடலில், உள்நாட்டுப் பூமாக்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பாதரசம் இருந்தது.

கொடைக்கானல் ஆலை நிலத்தைத் தூய்மைப்படுத்த ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்தபோது, அது போதாது, பணக்கார நாடுகளில் ஒப்பமாட்டார்கள் என்று சூழலியல் போராளிகள் எதிர்த்தார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் விழும், சரிவு மண் அரித்து ஓடும் என்பது எதிர்த்தரப்பு வாதம். மரமும் சரிவும் உள்ள இடத்தில் அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது என்பதை மேலே சொன்னவையே காட்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி வரம்பைத் தளர்த்துகிறவர்கள், விட்டுவைக்கும் பாதரசம் சோலைக்குள் எப்படி நடமாடுகிறது என்று தொடர்ந்து அளக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். ஆலை வேலிக்குள் மண்ணை மட்டும் எடுத்து அளப்பது அதற்குப் போதாது. பாம்பார் சோலையில் ஆண்டுதோறும் உதிரும் சருகு, மரத்தடியில் சொட்டும் நீர், கிளைப் பாசி, சருகுச் சிலந்தி, அவற்றை உண்ணும் சிறு பறவைகளின் உதிர்ந்த இறகு ஆகியவற்றை அளந்து, முடிவுகளைத் தமிழில், கொடைக்கானலிலும் பெரியகுளத்திலும் உள்ளவர்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன். பெருவின் காட்டில், சாலை எட்டாத இடத்தில், ஒரு பல்கலைக்கழகக் குழு இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து காட்டியிருக்கிறது.